எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்?

1

எங்கள் கல்யாண நாள் இந்த வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்குத் தானாகவே ஞாபகம் வந்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து அந்த நாளை நான்தான் அவருக்கு நினைவுபடுத்துவேன். அவரும் "ஆமாம்ல" என்று சொல்லிவிட்டுத் துறைமுக ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். இந்தத் தடவை முன்கூட்டியே வந்து, "உனக்கு ஒரு நல்ல சாமான் வாங்கித் தரேன், கிளம்பு" என்றார்.

நானும் மகள் சுசீலாவும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினோம். பஸ் நகைக்கடைத் தெருவைத் தாண்டியது. சரி, புடவை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புடவைக் கடைகளையும் தாண்டியது. கடைசியில் நாங்கள் இறங்கிய இடம், ரேடியோ சாமான் விற்கும் ஒரு சீனர் கடை. ஆண்பிள்ளை பெண்டாட்டிக்குப் பரிசு வாங்கும் லட்சணம் இதுதான். படிக்கிற நீங்கள் சிரிக்க வேண்டாம். நம் ஓசூர்ப் பக்கம் மட்டும் என்ன வாழுகிறதாம்?

இங்கே இப்போது ஸ்டீரியோ என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஒரே பாட்டை இரண்டாகப் பிரித்து, இடது பெட்டியில் கொஞ்சம், வலது பெட்டியில் கொஞ்சம் பாட வைக்கிறார்கள். அதற்கு ஆம்ப்ளிஃபயர் தனியாக வாங்க வேண்டும். மூடி இல்லாத தகரப் பெட்டி. மேலே கண்ணாடி வால்வுகள் வரிசையாக நிற்கும். சுவிட்சைப் போட்டால் அவை மெல்லச் சிவக்கும். சூடாகிற வரைக்கும் ஒரு சத்தமும் வராது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சுசீலா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில்கூட அவர் இவ்வளவு கவலையாக நின்றதில்லை.

கடைக்காரர் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது. விரல் பருமன் வால்வுகள், குரல் அப்படியே இழைந்துகொண்டு வருகிறது. மற்றது பெரியது. வால்வு ஒவ்வொன்றும் கத்தரிக்காய் பருமன். போட்டதும் கடையின் கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. எங்கள் வீட்டுக்காரர் சின்னதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பரிசு எனக்குத்தானே, அதனால் கேட்கவில்லை போலும்.

நானாகவே எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் கடைக்காரரிடம், "இது எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டேன். அவர், தீவுக்குள் எங்கே வேண்டுமானாலும் லாரியில் இலவசமாகக் கொண்டுவந்து இறக்குவோம் என்றார். சுசீலா தலையில் அடித்துக்கொண்டு இங்கிலீஷில் விளக்கினாள். சத்தம் எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்பது அம்மாவின் கேள்வி என்று புரிந்ததும், கடைக்காரர் என் காதுகளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். "மானத்தை வாங்காதே. இது வீட்டுக்குள்ள உக்காந்து கேக்கறது. உங்க ஜூஜுவாடி கல்யாணம் இல்ல."

சொன்னவர் யார் தெரியுமா? அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை.

2

ஜூஜுவாடி, ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் நம் பக்கத்துக் கடைசி ஊர். எங்கள் களத்தில் நின்று பார்த்தால் எதிரே தெரிவது மைசூர் ராஜ்யம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தோம். சண்டை என்றால் மூன்றும் கலந்து வரும். இங்கே எல்லோர் பேச்சையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை அச்சுப்போடுகிற பத்திரிகைக்காரர் கம்பை எடுப்பார்.

எங்கள் குடும்பங்களில் கல்யாணப் பெண் மேடைக்கு நடந்து போகமாட்டாள். பெரிய மூங்கில் கூடையில் உட்காருவாள். தாய்மாமன் தூக்கிக்கொண்டு வரவேண்டும். மாமன் இல்லாத பெண்ணுக்கு ஒன்றுவிட்ட மாமன், ரெண்டுவிட்ட மாமன் என்று யாராவது வந்து தூக்குவார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் மாமன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் தூக்கினால், பெண்ணின் அம்மாவைப் பிறந்த வீடு தலைமுழுகிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு ஒரே மாமன். வெங்கடசாமி மாமா. எல்லை தாண்டி, அத்திப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் என் கல்யாணம் நிச்சயமானபோது அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் ஒரு மாடு. கெலமங்கலம் சந்தையில் அப்பா ஒரு காளை வாங்கப் போனார். மாமா அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, "இளங்காளை மச்சான், கண்ணை மூடிட்டு வாங்கு" என்றார். அப்பா நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார். ஏரில் பூட்டியதும் அது முதல் சாலில் பாதி தூரம் போனது, பெருமூச்சு விட்டது, படுத்துக்கொண்டது. அப்பா சும்மா இருந்திருக்கலாம். அடுத்த சந்தையில் டீக்கடை முன்னால், நாலு பேர் நடுவில், "எம் மச்சானுக்கு மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியாது" என்றார். மாமா நாலு பேருக்குப் பின்னால் ஐந்தாவதாக நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணம் என்று வந்ததும் அப்பா அவருக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார். தாய்மாமனுக்குத் தபாலில்! வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டிய மனுஷனுக்கு! மாமா அதைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆள் மூலம் சொல்லிவிட்டார்: "தபால்காரன்தானே வந்து கூப்பிட்டான்? கூடையையும் அவனையே தூக்கச் சொல்லு."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அழுத கண்ணோடு திரும்பினாள். "உம் புருஷன் வந்து கூப்பிடட்டும்" என்றாராம் மாமா. அப்பாவோ, "பல்லு பாத்தது அவன், பட்டது நான். நான் எதுக்குப் போவணும்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று அம்மா ஒரே பேச்சாகச் சொன்னாள். "எங்க அண்ணன் வராத கல்யாணத்துல நான் மேடையேற மாட்டேன். நீங்களே உக்காந்து நீங்களே தாரை வாத்துக் குடுத்துக்குங்க."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அவள் பக்கத்தில் இல்லாமல் தாலி கட்டிக்கொள்வதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு மீசை, மாமாவுக்கு ரோஷம், அம்மாவுக்குப் பிடிவாதம். நடுவில் என் கல்யாணம்.

3

எங்கள் மாமாவைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரியும். விருந்துக்கு அழைத்தால் அடுத்த வீட்டுக்கும் போகமாட்டார். சண்டை என்றால் ஆனேக்கல் வரைக்கும் நடப்பார். ஒரு தடவை புண்ணாக்கில் மண் இருந்தது என்று கடைக்காரனோடு மல்லுக்கட்டப் போய், பகல் முழுக்கச் சண்டை போட்டு, சாயங்காலம் அவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவரை வருந்தி அழைத்தால் எப்படி வருவார்? வம்புக்கு இழுக்க வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் அப்பா கல்யாணத்துக்கு மைக் செட் வைக்க முடிவு பண்ணினார். எங்கள் ஊருக்குக் கரண்டு வராத காலம். கார் பேட்டரியில் ஓடும் செட். இரண்டு பேர் வந்து களத்தில் போட்டுக் காட்டினார்கள். ஒருவர் பெங்களூர்க்காரர், கோட்டு போட்டவர். அவர் ஆம்ப்ளிஃபயர் புத்தம் புதுசு. வால்வுகள் சின்னதாக, மினுமினு என்று இருந்தன. பாட்டு தேனாக வந்தது. அப்பா சொக்கிப்போனார்.

இன்னொருவர் ஓசூர் காதர் பாய். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் பெயின்ட் பாதிதான் மிச்சம். வால்வுகள் பெரிசு பெரிசாக, புகை பிடித்துக் கிடந்தன. அதில் பாடகி பாடினால் அவளுக்கு ஜலதோஷம் என்று தோன்றும். ஆனால் பாய் வாய் சும்மா இருக்காது. "சங்கீதம் வேணும்னா அவர்கிட்ட போங்க. ஊரைக் கூட்டணும்னா எங்கிட்ட வாங்க. எஞ் செட்டு ஒரு தடவை கத்துனா தூங்கற எருமை எழுந்து நிக்கும்" என்று மார்தட்டினார்.

ஆண்பிள்ளைகள் எல்லோரும் செட்டுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லைப் பக்கத்துக் கடைசிக் கிணற்றுக்குப் போனேன். அங்கிருந்து பெங்களூர் செட் வண்டு முரலுகிற மாதிரி கேட்டது. காதர் பாய் செட்டில் அவர் "ஹலோ" என்றது, அப்புறம் இருமினது, பீடிக்கு நெருப்பு கேட்டது எல்லாம் ஒரு எழுத்து விடாமல் வந்து சேர்ந்தது. அந்தக் கிணற்றடியில் நின்று நான் சிரித்த சிரிப்பில் பாதித் தண்ணீர் கொட்டிப்போயிற்று.

வீட்டுக்கு வந்தால் அப்பா பெங்களூர்க்காரருக்கு வெற்றிலை கொடுக்கத் தயாராக இருந்தார். நான் காபி கொடுக்கிற சாக்கில், "நல்ல செட்டுதாம்பா" என்று ஆரம்பித்தேன். "மாமா ஊர்க்காரங்கதான் சொல்லுவாங்க. ஒரு மைக் செட்டுக்குக்கூட ஜூஜுவாடிக்காரன் நம்ம மைசூர் ராஜ்யத்துக்குத்தான் வரணும்னு. சொல்லிட்டுப் போறாங்க, விடு."

அப்பா மீசையைத் தடவினார். வெற்றிலைத் தட்டு அப்படியே காதர் பாய் பக்கம் திரும்பியது.

4

சிங்கப்பூர்க் கடைக்காரர் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே போட்டுப் பார்க்கக் கொடுத்தார். மூன்றாவது மாடி, இரண்டு அறை. எங்கள் வீட்டுக்காரர் நூல் பிடித்து அளந்து, தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார். அங்கே உட்கார்ந்தால்தான் ஸ்டீரியோ ஸ்டீரியோவாகக் கேட்குமாம். ஒரு ஜாண் தள்ளி உட்கார்ந்தாலும் வீணாம்.

"அப்ப மத்தவங்க?" என்றேன்.

"மாறி மாறி உக்காரலாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். எங்கள் ஊரில் ஒரு செட் வைத்தால் மூன்று கிராமத்துக்குப் பாட்டு. இங்கே ஒரு செட்டுக்கு ஒரு நாற்காலி. அதில் முக்கால்வாசி நேரம் சுசீலா உட்கார்ந்து இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிறாள். நான் தமிழில் ஒன்று கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிறாள். இரண்டு தடவை கேட்டால் "ஷ்ஷ்" என்கிறாள். பெற்ற தாயைப் பார்த்து "ஷ்ஷ்"!

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெரிய ஆம்ப்ளிஃபயரை மாட்டி, ஒரு பெட்டியை வராந்தா பக்கமாகவும் மற்றதை ஜன்னல் பக்கமாகவும் திருப்பி வைத்தேன். சத்தம் கூட்டுகிற குமிழைக் கடைசி வரை திருப்பினேன். அவர் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். "பாட்டு ஒரு பக்கம் போவுது, மத்தளம் ஒரு பக்கம் போவுது! என்னடி பண்ணி வெச்சிருக்கே? உங்க வீட்டுப் புளியமரத்தடியில என்னை மாப்பிள்ளைன்னு உக்கார வெச்சீங்களே, அன்னிக்கு அடைச்ச காது இன்னும் சரியாவல" என்றார்.

நான் அவரைக் கவனிக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை குடித்தனம் இருக்கிற கட்டடத்தில் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். மேல் மாடியில் ஒரு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டில் ஒன்று. அவ்வளவுதான். ஒருவரும் வரவில்லை.

அன்றைக்கு எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வந்து கத்தக்கூட ஆளில்லாத இடத்தில் குடித்தனம் பண்ணுகிறோமே என்று இருந்தது. அவரிடம், "சின்னதையே வாங்கிக்குங்க. இங்க நான் கூப்பிட வேண்டியவங்க யாரும் கூப்பிடு தூரத்துல இல்ல" என்றேன். அவர் ஈரத்துண்டோடே போய் நாற்காலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாயை விரித்தார். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து கேட்டோம். ஸ்டீரியோவாகக் கேட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

5

எங்கள் கல்யாணத்தன்று விடிந்ததும் காதர் பாய் புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டினார். இரண்டு குழாயையும் எல்லைப் பக்கமே திருப்பச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டும் ஒரே பக்கமாவா? கல்யாண வீட்டுக்காரங்களுக்குக் கேக்க வேணாமாம்மா?"

"அவங்கதான் ஏற்கெனவே வந்துட்டாங்களே பாய்."

மதுவிலக்குச் சோதனைச் சாவடியிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து ஒரு சந்தேகம் கிளப்பினார். மைக்குக்கு ஓசூரில் வாங்கின பர்மிஷன் மதராஸ் ராஜ்யத்துக்கு மட்டும்தானே, சத்தம் அந்தப் பக்கம் போகிறதே, அதற்கு யார் பர்மிஷன்? பாய் மரத்திலிருந்தபடியே, "எல்லையில நிறுத்திச் சோதனை போட்டுக்குங்கய்யா. சாராயம் இருந்தா பிடிச்சுக்குங்க" என்றார். போலீஸ்காரர் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் பாய் நான் சொல்லிக்கொடுத்ததை மைக்கில் சொன்னார். தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம்.

"மாட்டின் பல்லைப் பார்த்த மாத்திரத்திலே அதன் வயசைச் சொல்லும் மகா நிபுணர், மணமகளின் தாய்மாமன், உயர்திரு வெங்கடசாமி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்!"

ஒரு பாட்டு. மறுபடியும் மகா நிபுணர். இன்னொரு பாட்டு. மறுபடியும்.

அப்பா பதறிக்கொண்டு நான் இருந்த அறைக்குள் வந்தார். நான் பட்டுப்புடவையில், மூங்கில் கூடைக்குள் உட்கார்ந்திருந்தேன். மாமா வந்து தூக்குகிற வரை இறங்கமாட்டேன் என்று சொல்லியாயிற்று.

"என்னம்மா காரியம் இது? நான் சொல்லித்தான் பண்றாங்கன்னு அவன் என்னைத்தானே திட்டுவான்?"

"திட்டட்டும்பா. இங்க வந்து திட்டட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். சமையல் பந்தல் பக்கம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அம்மாவையும் எட்டிப் பார்த்தார். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் புளியமரத்தடியில் கேட்டது. "பாய், கன்னடத்துல இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. எதிர்க்காத்து அடிக்குது."

முகூர்த்த நேரம் நெருங்கியது. புரோகிதர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். ஒன்றுவிட்ட மாமா ஒருவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "நான் தூக்கட்டுமா?" என்று வந்து நின்றார். நான் கூடை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தைரியசாலி மாதிரி சொல்லுகிறேனே தவிர, காதெல்லாம் சாலைப் பக்கமே இருந்தது. மனுஷன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்?

அப்போது சாலையில் நாய்கள் குரைத்தன. மாடு ஓட்டுகிற தார்க்குச்சியோடு வெங்கடசாமி மாமா வந்துகொண்டிருந்தார். சோதனைச் சாவடியில், "என்ன கொண்டு போறே?" என்று மறித்தார்களாம். "கோவம். வேணுமா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் வந்தாராம்.

"எவன்டா அது மைக்குல பேசினது?"

காதர் பாய் அதற்குள் மறுபடியும் மரத்தில் ஏறியிருந்தார். மேலேயிருந்து, "உள்ளார பொண்ணைக் கேளுங்க சாமி, எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று கத்தினார்.

மாமா அறை வாசலுக்கு வந்தார். வேர்த்து ஊற்றியது. கூடையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் குச்சி தானாகத் தாழ்ந்தது.

"நீயா?"

"நான்தான் மாமா."

"ஏண்டி, ரெண்டு ராஜ்யத்துக்கும் கேக்கறாப்ல என் மானத்தை வாங்கிட்டியே! மாமனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட உனக்கு வேற வழியே தெரியலையா?"

"தட்டு எடுத்துக்கிட்டு வந்து கூப்பிட்டாங்களே, வந்தியா?"

"வரலதான்" என்றார்.

குச்சியை மூலையில் சாத்தினார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். குனிந்து கூடையின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு மூச்சுக் கொடுத்தார். கூடை அசையவில்லை. இன்னொரு மூச்சு. ம்ஹூம். நான் அப்போது இளைத்தவள் இல்லை, ராகிக்களி தின்று வளர்ந்த உடம்பு. ஒன்றுவிட்ட மாமா உதவிக்கு ஓரடி முன்னால் வந்தார். வெங்கடசாமி மாமா அவரைக் கண்ணாலேயே தள்ளி நிறுத்திவிட்டு, வாசலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"ஓய், மச்சான்!"

அப்பா கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார்.

"அங்க நின்னு என்ன பாக்கறே? பொண்ணை இவ்ளோ கனமா வளத்து வெச்சிருக்கியே, நீ வந்து புடிக்காம வேற எவன் புடிப்பான்?"

அப்பா உள்ளே வந்தார். புரோகிதர் பின்னாலேயே ஓடிவந்து, "தகப்பனார் தூக்கற வழக்கம் இல்லையே" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, "நீ சும்மா இருய்யா!" என்றார்கள். அந்த மாடு படுத்த நாளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது.

கூடை எழும்பியது. மாமா பக்கம் உயர்ந்தது, அப்பா பக்கம் தாழ்ந்தது. நான் இரண்டு பேர் கழுத்தையும் பிடித்துக்கொண்டேன். "நேரா புடி மச்சான்." "நீ நேரா புடி." பந்தல் முழுக்கச் சிரிப்பு. சமையல் பந்தலிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "ஐயோ, பாத்து! என் பொண்ணைக் கீழ போட்டுறாதீங்க, ரெண்டு பேருந்தான்!" என்று கத்திக்கொண்டே, வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டே, எங்களுக்கு முன்னால் போய் மேடையேறிவிட்டாள். ஏறியது அவளுக்கே தெரியவில்லை. மணையில் உட்கார்ந்துகொண்டு, "என்ன ஆடி அசைஞ்சு வரீங்க? நேரமாவுது, சீக்கிரம் வாங்க" என்று எங்களையே அதட்டினாள்.